சுழலும் காயும் அரக்கு வண்ணமும்

பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் வழியில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சென்னபட்டணா உள்ளது. பெயரைக் கேட்டுச் சென்னை என எண்ணிவிடலாகாது. இது புவிசார் குறியீடு பெற்ற மரப்பொம்மைகளின் ஊர். இங்குச் சதுரங்கக் காய் போன்ற சிறு உருவங்களின் மேனிக்கு வண்ணம் ஏற்றத் தூரிகை வேண்டுவதில்லை. கடைசல் பொறியில் சுழலும் வெட்பாலை மரத்துண்டின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தில் படியும்.

புதிதாகக் கற்பவருக்கு இஃது எளிதன்று. மெல்ல அழுத்தினால் வெப்பம் போதாது. வண்ணம் திட்டுத்திட்டாக நிற்கும். ஓரிடத்திலேயே அழுத்தினால் அங்கே அரக்கு தடித்துவிடும். காயின் கழுத்துப் போன்ற குறுகிய பள்ளங்களே கைக்கு மிகக் கடினமானவை. பின்னர்த் தாழை ஓலையால் அழுத்தித் தேய்க்கும்போது, அரக்கு மீண்டும் இளகிச் சீராகப் பரவும். அதுவரை மங்கிக் கிடந்த சிவப்பு அப்போதுதான் பளபளக்கத் தொடங்கும்.