வேகம் இருக்கிறது, அழைப்பு ஏன் அறுகிறது? வைஃபையைச் சோதிக்க எந்தக் கருவி வேண்டும்?

ரொறன்ரோவில் மகன், லண்டனில் தங்கை, யாழ்ப்பாணத்தில் தனித்துப்போன தாய். யுத்தம் சிதறடித்த குடும்பங்கள் பல இன்று ஒன்றுகூடுவது வட்ஸ்அப் அழைப்பில்தான். வெள்ளவத்தைத் தொடர்மாடியிலோ கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலோ அந்த அழைப்பு இடையில் அறுந்தால், உடனே வேகச் சோதனைச் செயலியைத் தட்டுகிறோம். 40 மெகாபிட்ஸ் என்று காட்டுகிறது. பிறகு யாரிடம் முறையிடுவது?

செயலி பொய் சொல்லவில்லை. நாம்தான் தவறான கேள்வியைக் கேட்கிறோம். ஸ்பீட்டெஸ்ட் போன்றவை பொதுவாக அருகிலுள்ள சேவையகத்தையே தெரிவுசெய்யும். அதாவது கொழும்பிலிருந்து கொழும்புக்கான வேகத்தையே அளக்கும். மகன் இருப்பதோ ரொறன்ரோவில்.

கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து ஏ.டி. டெஸ்டர் என்ற மென்பொருளை முன்னர் உருவாக்கியது. சேவை நிறுவனம் வரை, நாட்டுக்குள், வெளிநாடு வரை என மூன்று கட்டமாக, நாளின் வெவ்வேறு நேரங்களில் அது அளந்தது. அந்த முறையை வீட்டிலும் பின்பற்றலாம். ஸ்பீட்டெஸ்டில் சேவையகத்தை மாற்றி லண்டனையோ ரொறன்ரோவையோ தெரிவுசெய்யுங்கள். காலையில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை.

பார்க்க வேண்டியது மெகாபிட்ஸ் அல்ல. காணொளி அழைப்புக்கு இரண்டு மூன்று மெகாபிட்ஸ் தாராளம். தாமதம், அத்தாமதத்தின் ஏற்ற இறக்கமான ஜிட்டர், தொலைந்த தரவுப் பொதிகள் ஆகிய மூன்றுமே குரலை அறுப்பவை. ஒருவழித் தாமதம் 150 மில்லி செக்கனுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். கொழும்பிலிருந்து லண்டன் நேர்கோட்டில் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி போய்வரவே 87 மில்லி செக்கன் தேவை. அதற்குக் குறைவாக எந்த நிறுவனத்தாலும் தர முடியாது.

ஆனால் வெளிநாட்டுப் பாதையைக் குறைசொல்லும் முன் வீட்டைச் சோதியுங்கள். இதற்கு மிகச் சிறந்த கருவி சில நூறு ரூபா பெறுமதியான லேன் கேபிள்தான். மடிக்கணினியை ரவுட்டருடன் நேரடியாக இணைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். கேபிளில் சரி, வைஃபையில் பிழை என்றால் குற்றவாளி வீட்டுக்குள்தான்.

தொடர்மாடிகளில் அயல்வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று பேசுகின்றன. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றையொன்று குழப்பாத சனல்கள் 1, 6, 11 மட்டுமே. எந்தச் சனலில் நெரிசல் என்பதை வைஃபை அனலைசர் வகைச் செயலி காட்டும். இதற்கு அண்ட்ரொய்ட் கைபேசிதான் வேண்டும். ஐபோன் இத்தகைய செயலிகளுக்கு அயல் வலையமைப்புகளைக் காட்டாது. அழைப்பு எடுக்கும் கதிரையில் சமிக்ஞை மைனஸ் 67 டி.பி.எம். அளவில் இருந்தால் போதும். மைனஸ் 80 என்றால் ரவுட்டரை நகர்த்துங்கள். தடித்த பழைய சுவர் வீடுகளில் 5 கிகாஹேர்ட்ஸ் அடுத்த அறையைத் தாண்டுவதே கடினம். தொழில்முறைப் பொறியியலாளர்கள் பயன்படுத்தும் எக்காஹவ், நெட்அலி கருவிகள் ஆயிரக்கணக்கான டொலர் பெறும். வீட்டுக்குத் தேவையில்லை.

தரவு வரையறை உள்ள பொதி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 100 மெகாபிட்ஸ் இணைப்பில் பத்துச் செக்கன் சோதனை 125 மெகாபைட்டை விழுங்கும்.

நேரத்துடன் கூடிய திரைப்பிடிப்புகளை ஒரு வாரம் சேர்த்தால் சேவை நிறுவனத்திடம் பேச்சு வேறுவிதமாகப் போகும். அங்கும் தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

எல்லா அளவும் சரி, வட்ஸ்அப் மட்டும் இயங்கவில்லை என்றால் அது வேறு கதை. 2019 ஏப்ரல் 21 அன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் தாக்கப்பட்ட அதே நாளில், அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. உறவினரைத் தேடியவர்கள் தங்கள் கைபேசியைச் சந்தேகித்த நாள் அது. இத்தகைய முடக்கத்தைக் கண்டறிவது ஊனி புரோப் என்ற இலவசச் செயலி. ஆனால் அதன் முடிவுகள் வலையமைப்பின் பெயருடன் பொதுவெளியில் பதிவாகும். முதலில் வரும் ஒப்புதல் பக்கத்தை வாசித்துவிட்டே அழுத்துங்கள்.