129 பேருடன் நொறுங்கிய 'த்ரெஷர்'.. நீர்மூழ்கியால் மேலே வர முடியாமல் போனது ஏன்?

1985ல் டைட்டானிக்கை கடலடியில் கண்டுபிடித்தவர் ராபர்ட் பல்லார்ட். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தப் பயணத்துக்கு அமெரிக்க கடற்படை பணம் கொடுத்தது டைட்டானிக்குக்காக அல்ல. மூழ்கிப்போன தங்களது இரண்டு அணுசக்தி நீர்மூழ்கிகளை பல்லார்ட் ரகசியமாக ஆய்வு செய்து தர வேண்டும் என்பதே டீல். அதில் ஒன்றுதான் 'த்ரெஷர்'.

என்ன சோதனை அது?

1961ல் கடற்படையில் சேர்ந்த த்ரெஷர், போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் பல மாத பழுதுபார்ப்பை முடித்துவிட்டு 1963 ஏப்ரல் 9ஆம் தேதி கடலுக்குக் கிளம்பியது. இப்படி வேலை முடிந்த நீர்மூழ்கியை நேராக பணிக்கு அனுப்பிவிட மாட்டார்கள். அது எவ்வளவு ஆழம் தாங்கும் என்று வடிவமைத்தார்களோ, அந்த ஆழம் வரை இறக்கிப் பார்ப்பார்கள். த்ரெஷருக்கு அது சுமார் 400 மீட்டர். அந்த ஆழத்தில் நம் விரல் நகம் அளவு இடத்தில் கிட்டத்தட்ட 40 கிலோ எடை அழுத்தும். குழாயில் சின்ன விரிசல் விட்டாலும் தண்ணீர் கசியாது, பீய்ச்சி அடிக்கும்.

உள்ளே இருந்தவர்கள் 129 பேர். இதில் 17 பேர் கடற்படை வீரர்களே இல்லை. பழுதுபார்த்த கருவிகள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஏறிய தொழில்நுட்பப் பணியாளர்கள்.

அந்த கடைசி நிமிடங்கள்

ஏப்ரல் 10 காலை, அமெரிக்காவின் கேப் காட் பகுதிக்கு கிழக்கே சுமார் 350 கி.மீ. தொலைவில் த்ரெஷர் படிப்படியாக கீழே இறங்கியது. மேலே துணைக்கு நின்ற 'ஸ்கைலார்க்' கப்பலுக்கு 9.13 மணி வாக்கில் ஒரு தகவல் வந்தது. சின்ன சிக்கல்தான், முன்பக்கம் மேல்நோக்கித்தான் இருக்கிறது, தொட்டிகளில் காற்றை செலுத்தி மேலே வரப் பார்க்கிறோம் என்றது அது. சில நிமிடங்களில் தெளிவில்லாத இன்னொரு தகவல். அடுத்து, உலோகக் கூடு நொறுங்கும் சத்தம். அவ்வளவுதான். ஸ்கைலார்க் ஒரு மீட்புக் கப்பல். ஆனாலும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. த்ரெஷர் துண்டு துண்டாகிக் கிடந்தது சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில்!

ஏன் மேலே வர முடியவில்லை?

நீர்மூழ்கி மேலே வர இரண்டு வழி. ஒன்று, இன்ஜின் வேகத்தில் மேல்நோக்கி ஏறுவது. இன்னொன்று, தொட்டிகளில் உள்ள தண்ணீரை அழுத்தப்பட்ட காற்றால் வெளியே தள்ளி எடையைக் குறைப்பது. த்ரெஷருக்கு இரண்டுமே கைகொடுக்கவில்லை.

இன்ஜின் அறையில் குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய், பீய்ச்சிய கடல்நீர் மின்சாதனங்களைத் தாக்கி, அணு உலை தானாக நின்றிருக்கலாம் என்றது விசாரணைக் குழு. தண்ணீர் புகுவதற்கு முன்பே மின்கோளாறு வந்துவிட்டது என்று பின்னாளில் வாதிட்டவர்களும் உண்டு. எது முதலில் வந்திருந்தாலும், அன்றைய நடைமுறைப்படி நின்ற உலையை மறுபடி இயக்க பல நிமிடங்கள் ஆகும். அவ்வளவு நேரம் அவர்களிடம் இல்லை.

சரி, காற்று? டயர் வால்வை அழுத்தினால் வெளியே வரும் காற்று விரலில் சில்லென்று படுமே, அதேதான் இங்கேயும் நடந்திருக்கிறது. காற்றில் இருந்த ஈரம் குழாய் வடிகட்டியில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்திருக்கலாம். த்ரெஷரைப் போலவே கட்டப்பட்ட 'டினோசா' நீர்மூழ்கியை கரையில் நிறுத்தி சோதித்தபோது, காற்றுக் குழாய் இப்படித்தான் அடைத்துக்கொண்டது.

இதில் கொடுமை என்னவென்றால், குழாய் இணைப்புகள் பற்றி முன்பே எச்சரிக்கை இருந்தது. பழுதுபார்ப்பின்போது ஒலி அலை மூலம் 145 இணைப்புகளை சோதித்ததில் சுமார் 14 சதவீதம் தரமில்லை என்று தெரிந்திருந்தது. மிச்சமிருந்த ஆயிரக்கணக்கான இணைப்புகளை சோதிக்காமலேயே கப்பல் கிளம்பியது.

பிறகு என்ன மாறியது?

அதே ஆண்டு 'சப்சேஃப்' திட்டம் வந்தது. கடல்நீரைத் தாங்கும் ஒவ்வொரு குழாய், வால்வு, வெல்டிங்குக்கும் யார் செய்தார், யார் சோதித்தார் என்று எழுத்துப்பூர்வ ஆதாரம் கட்டாயம். உலையை சீக்கிரம் மீட்கும் வகையில் விதிகளும் திருத்தப்பட்டன. அதற்குப் பிறகு அமெரிக்கா இழந்த ஒரே அணுசக்தி நீர்மூழ்கி, 1968ல் 99 பேருடன் மூழ்கிய 'ஸ்கார்பியன்'. பல்லார்ட் ஆய்வு செய்த இரண்டாவது நீர்மூழ்கி அதுதான். சப்சேஃப் சான்றிதழ் அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.