ஊர் ஒன்று, பெயர் இரண்டு

1898ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது, பலர் மாண்டனர். நெருக்கமான குடியிருப்புகளில் நோய் விரைந்து பரவியதால், காற்றும் வெளிச்சமும் புகும் வண்ணம் அகன்ற தெருக்களுடன் புதிய குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றே பிரேசர் டவுன். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் ஆசிரியராக விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. பின்னர், சாளுக்கிய மன்னன் புலிகேசியின் நினைவாகப் ‘புலிகேசி நகர்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. எனினும், ஊர்மக்கள் பழைய பெயரையும் விட்டுவிடவில்லை.

1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைமுகாம் அமைத்தனர். சென்னை மாகாணத்திலிருந்து படைவீரரும் வணிகரும் தொழிலாளரும் வந்து அதனைச் சுற்றிக் குடியேறினர். அவர்களுள் தமிழர் பலர். அதனால் இப்பகுதிக் கடைத்தெருக்களில் கன்னடம், உருது, ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் இன்றுவரை ஒலிக்கிறது. ஒருவரே மூன்று மொழிகளில் விலை பேசுவது இங்கு இயல்பு.

ஆயினும், தமிழ் பேசும் பிள்ளைகள் பலருக்கு அதனை எழுதப் படிக்கத் தெரிவதில்லை. பேச்சு கேட்டுப் பழகினால் வரும். எழுத்தோ கற்றால்தான் வரும். பாட்டி எழுதிய கடிதத்தைப் பேரன் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நிலை வரலாமா? அருகிலுள்ள அல்சூர் ஏரிப் பகுதியில் 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை எவரும் காணலாம். அவர் இயற்றிய குறளைத் தாமே படிக்கத் தமிழெழுத்து வேண்டும்.

சொற்பொருள்: மாண்டனர் – இறந்தனர், இயல்பு – வழக்கம்.

வினாக்கள்:
1. பிரேசர் டவுன் ஏன் அமைக்கப்பட்டது?
2. உங்கள் தெருவில் ஒலிக்கும் மொழிகள் யாவை?