மூன்று ஊர்களில் வளர்ந்த கல்லூரி

டி. கல்லுப்பட்டியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில் முதற்கண் திருமங்கலம் எதிர்ப்படும். பின்னர்ப் பசுமலை வரும். நகருக்குள் வையையைக் கடந்தால் கோரிப்பாளையத்தை அடையலாம். இம்மூன்றும் ஒரு கல்லூரியின் வரலாற்றில் மூன்று படிகளாகும். அக்கல்லூரியே மதுரை அமெரிக்கன் கல்லூரி.

1834ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து பணி தொடங்கினர். 1842இல் வில்லியம் டிரேசி என்பார் திருமங்கலத்தில் ஒரு கல்விச்சாலையை நிறுவினார். 1845இல் அது பசுமலைக்கு மாற்றப்பட்டது.

ஆங்கு விரைவிலேயே ஒரு சோதனை நேர்ந்தது. சாதி வேற்றுமை கருதிச் சிலர் பிறரோடு உடனிருந்து உண்ண மறுத்தனர். அவ்வேற்றுமையைக் கைவிடாதார்க்குத் தம்மிடையே இடமில்லை என்று 1847இல் தொண்டர்கள் உறுதி செய்தனர். மாணவரும் பணியாளரும் பலர் வெளியேறினர். எண்ணிக்கை குறைந்தது, ஆயினும் கொள்கை குன்றவில்லை.

1881இல் அக்கல்விச்சாலை கல்லூரியாக உயர்ந்தது; வாஷ்பர்ன் அதன் முதல்வரானார். நகர மாணவர்க்கும் பயன்படுமாறு 1909இல் சம்ப்ரோ காலத்தில் அது கோரிப்பாளையத்தில் இன்றுள்ள இடத்திற்கு வந்தது. செங்கற் கட்டடங்களும் நிழல்தரு மரங்களும் சூழ்ந்த அவ்வளாகத்தில் ஒரு சிற்றாலயமும் உண்டு.

கல்லூரிக்குள் ஆலயம் அமைப்பது மேனாட்டுப் பழைய மரபாகும். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியின் ஆலயம் 1446இல் தொடங்கப்பெற்றது; அதன் கட்டுமானம் 1515இல்தான் நிறைவெய்தியது. அதன் கல்விதானம் காண்போரை வியக்கச் செய்யும். ஆனால், அப்பல்கலைக்கழகத்தில் 1871ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, ஆங்கிலத் திருச்சபையைச் சாராதார் உயர் பதவிகள் பலவற்றைப் பெற இயலவில்லை. ஆலயம் அழகியது; கல்விக்கூடத்தின் வாயிலோ குறுகியது!

நம் நாட்டு நிலை வேறு. அமெரிக்கன் கல்லூரியில் பல சமயத்து மாணவரும் ஒருங்கே பயில்கின்றனர். 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, அரசின் ஏற்போ உதவியோ பெற்ற கல்விக்கூடம் எதுவும் ஒருவரை அவர்தம் இசைவின்றி வழிபாட்டில் கலந்துகொள்ளச் செய்யலாகாது என்று காக்கின்றது.

ஆகவே, ஆலயத்துள் புகுவது அவரவர் விருப்பம். உடன் பயில்வாரை நிகராக மதிப்பதோ அத்தகையதன்று. அஃது அனைவர்க்கும் உரிய கடமை. 1847இல் பசுமலை உணவுக்கூடத்தில் எழுந்த வினாவுக்கு விடை இதுவே.