ஹேக்கருக்கும் கோப்பை உண்டு!

ஹேக்கர் என்றாலே இருட்டறை ஆசாமி என்று பழக்கிவிட்டார்கள். 2019-ல் வந்த சீனத் தொடர் ‘கோ கோ ஸ்க்விட்’ அவர்களை ஜெர்ஸி போட்டு மேடையேற்றியது.

நெட் சென்டரில் ஹான் ஷாங்யானை (லீ ஷியான்) பார்த்ததுமே மனதைப் பறிகொடுக்கிறாள் கம்ப்யூட்டர் மாணவி டோங் நியான் (யாங் ஸி). அவனோ சிரிக்கவே காசு கேட்பவன்! அவன் உலகம் ‘சி.டி.எஃப்.’ போட்டிதான். மென்பொருள் ஓட்டைக்குள் புகுந்து, ஒளித்துவைத்த ‘கொடி’யை, அதாவது ஒரு வரி ரகசியக் குறியீட்டை, எடுத்தால் புள்ளி. சில சுற்றுகளில் தன் சர்வரையும் காக்க வேண்டும். பூட்டை உடைக்கும் அதே வித்தைதான். இங்கே வீட்டுக்காரர் அனுமதியோடு. லாஸ் வேகாஸின் டெஃப்கான் மாநாட்டில் 1996-லேயே நிஜமாக நடந்த விளையாட்டு இது.

மூலநாவலில் இருந்தது இ-ஸ்போர்ட்ஸ், தொடரில் மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம். விரல்கள் பறக்கும் வேகம்தான் ஓவர். நிஜத்தில் மணிக்கணக்கில் திரையை வெறிக்க வேண்டும். அதை எடுத்தால் யார் பார்ப்பது?