ஓடும் பழசு – 9: காலையில் மட்டும் நிற்கும் கார்

மார்கழி விடியல். ஆர்.எஸ்.மங்கலத்தில் தெருவோரம் நின்ற அம்பாசிடரின் பானெட்டெல்லாம் பனி. சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சோக்கைப் பாதி உள்ளே தள்ளினேன், இருமிவிட்டு அணைந்தது. மூன்று முறையும் இதே கதை. எப்படியோ பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றிவிட்டால், தொண்டி வரை போய்வந்தாலும் ஒரு குறையும் வைக்காது.

போன வாரம் பார்த்தது ஸ்டார்ட்டே ஆகாத வண்டி. இது ஸ்டார்ட் ஆகி நிற்கிற வண்டி, நோய் வேறு.

‘ராமநாதபுரம் சீமையில் ஏது குளிர்?’ என்று கேட்கலாம். ஓடும் இன்ஜினில் தண்ணீரின் சூடு 80 டிகிரியைத் தொடும். அந்தக் கணக்கில் நம் சித்திரை வெயிலும் குளிர்தான். பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். ஆறிக்கிடக்கும் மேனிபோல்டில் அது துளியாகச் சுவரில் ஒட்டிக்கொள்ள, சிலிண்டருக்குக் காற்றே மிகுதியாகப் போய்ச்சேரும். சோக் காற்று வழியை மறித்து, பெட்ரோலைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கிறது.

மெக்கானிக் பானெட்டில் கை வைக்கவில்லை. “எப்பண்ணே நிக்குது? சோக்க உள்ள தள்ளுனதுமா, சும்மா இருக்கையிலேயேவா?” என்றார்.

பாதி வைத்தியம் அந்தக் கேள்வியில் முடிந்தது. கரும்புகை கக்கி, பெட்ரோல் வாடையோடு நின்றால் சோக் தகடு திறக்காமல் ஒட்டியிருக்கலாம். சோக் எப்படி இருந்தாலும் ஒரு நிமிடத்தில் நின்றால், கார்பரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் தீர்ந்தது, பம்ப் நிரப்பவில்லை. பனிக்காலையில் மட்டும் விட்டுவிட்டு அடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம். சோக்கைத் தள்ளியதும் நின்றால், ஒன்று ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. அல்லது எங்கோ காற்று பிடிக்கிறது.

இந்த ஊர்ப் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். ஒரு வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்று நாற்பத்தெட்டையும் யாரும் திறந்துவிடுவதில்லை. அந்த வயலின் வாய்க்காலைப் பிடித்துத்தான் நடப்பார்கள். அவரும் அப்படியே நடந்தார். ஸ்லோ ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்தார். ஊசி போடவில்லை, துளை பெரிதானால் அளவே மாறிவிடும். பொருத்திப் பார்த்தோம், மாற்றமில்லை. அதற்குப் பிறகுதான் அடுத்ததற்குப் போனார்.

பாதி சோக்கில் ஓடவிட்டு, மேனிபோல்டு பேக்கிங் ஓரமாக இன்ஜின் ஆயிலைத் துளித்துளியாக விட்டார். ஒரு மூலையில் ஆயில் உள்ளே இழுபட, தடுமாறிய இன்ஜின் சில நொடி சீரானது. அங்கேதான் ஓட்டை. சூடேறி இரும்பு விரிந்ததும் இடைவெளி இறுகிக்கொள்ளும். அதனால்தான் பகலெல்லாம் நல்லபிள்ளை. பேக்கிங் மாற்றியதோடு தீர்ந்தது.

பழைய கார் வைத்திருப்போருக்கு இன்னொன்று. அம்பாசிடர் உற்பத்தி நின்றது 2014-ல். இன்று பங்குகளில் கிடைப்பதோ 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகப் போதும். ஆவியாக வெப்பம் அதிகம் வேண்டும். பழைய ஜெட் அளவில் கலவையில் காற்று இன்னும் மிஞ்சும். காலையில் சோக்கைச் சற்று நேரம் கூடுதலாக இழுத்து வைக்க வேண்டிவரும். அதைப் பழுதென்று நினைத்து ஒரே நாளில் ஜெட், பாயின்ட், பிளக் மூன்றையும் மாற்றினால், வண்டி ஓடினாலும் எது தீர்த்தது என்று தெரியாது. அடுத்த மார்கழியில் மறுபடி முதலிலிருந்துதான்.

அடுத்த வாரம்: உச்சி வெயிலில் மட்டும் நிற்கும் கார்.