கோபுரம் வந்தது, கைக்கு வந்ததா?

மன்னாரிலிருந்து தாராபுரம், பேசாலை ஊடாகத் தலைமன்னார் வரை பஸ்சில் போகும் எவருக்கும் பனைமரங்களுக்கு மேலாக உயர்ந்து நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் கண்ணிற்படும். பெருநிலப்பரப்பில் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கமும் இதே காட்சிதான். போர்க்காலத்தை அறிந்த எமக்கு இது சாதாரண மாற்றமல்ல.

இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை ஆரம்பித்தது 1989 ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. அதன் பின் நீண்ட காலத்துக்கு எங்களுக்குச் செய்தி வந்தது கடிதத்திலும், வந்து போகிறவர்களின் வாயிலும்தான். 2006 ஓகஸ்ட் மாதத்தில் தென்னாசியாவிலேயே முதன்முதலாக மூன்றாம் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவை இந்த நாட்டில் தொடங்கியது. அதே மாதத்தில்தான் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்டது. ஒரு பகுதி மக்கள் முகம் பார்த்துப் பேசத் தொடங்கிய மாதத்தில், இன்னொரு பகுதியில் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று அறிய வழியில்லாமல் தாய்மார் தவித்தார்கள்.

நான் சிறுமியாக இருந்த காலத்தில், வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரப்போகிறது என்றால் கொமியூனிக்கேசன் கடைப் பையன் சைக்கிளில் வந்து நேரம் சொல்லிவிட்டுப் போவான். சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பே போய் வாங்கில் காத்திருப்பார்கள். பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அதிலும் பாதி அழுகையில் போய்விடும். இன்று அதே தாய்மார் கனடாவில் பிறந்த பேரப்பிள்ளையை வட்ஸ்அப்பில் பார்த்துக் கொஞ்சுகிறார்கள். இந்த மாற்றத்தின் பெறுமதி எங்களுக்குத்தான் தெரியும்.

உலகம் முழுவதும் இந்த வளர்ச்சி நடந்திருக்கிறது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கின்படி 2005 இல் உலக மக்களில் 100 பேருக்கு 16 பேரே இணையத்தைப் பயன்படுத்தினர். 2024 இல் அது 68 பேராக உயர்ந்தது. அப்படியானால் மிகுதிப் பேரின் ஊர்களில் கோபுரம் இல்லையா? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. கைத்தொலைபேசி நிறுவனங்களின் உலக அமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ., 2023 இறுதி நிலையை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, கைத்தொலைபேசி இணைய வலையமைப்பே எட்டாத இடங்களில் வாழ்பவர்கள் 100 பேரில் 4 பேர் மட்டுமே. ஆனால் 39 பேர் வலையமைப்பு எட்டிய இடத்தில் வாழ்ந்தும் அதைப் பயன்படுத்தாமல் இருக்கிறார்கள். 2023 இல் தென்னாசியாவில் கைத்தொலைபேசி இணையத்தைப் பயன்படுத்துவதில் பெண்கள் ஆண்களைவிட 31 வீதம் பின்தங்கியிருந்தார்கள்.

கோபுரம் ஊருக்கு வந்துவிட்டது. அது பெண்ணின் கைக்கு வந்ததா என்பதுதான் கேள்வி.

சிம் யாருடைய பெயரில்?

கிராமத்து மாதர் சங்கக் கூட்டங்களில் நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன்: "நீங்கள் பாவிக்கிற சிம் யாருடைய அடையாள அட்டையில் எடுத்தது?" கணவருடையது, தம்பியுடையது, மருமகனுடையது என்று பதில் வரும். இறந்துபோன கணவரின் பெயரிலேயே இன்னும் வைத்திருக்கும் சகோதரிகளும் உண்டு. சிலருக்கு யாருடைய பெயர் என்றே தெரியாது. வீட்டில் ஒரு நல்ல போன் இருந்தால் அது பகலில் மகனோடு போய்விடும். அம்மாவுக்குக் கிடைப்பது பொத்தான் தேய்ந்த பழைய போன்.

பேசாலைப் பக்கத்தில் கருவாடு போட்டு விற்கும் ஒரு தாயிடம் விலையைப் பற்றிக் கேட்டேன். "விலை கேட்கிறதுக்கு எனக்கு ஆரைத் தெரியும் மிஸ்? வாற ஆள் சொல்லுறதுதான் விலை" என்றார். அவரிடம் போன் இருந்தது. ஆனால் அது அழைப்பு வந்தால் எடுப்பதற்கு மட்டும்தான்.

விலையைக் கேட்டு அறிவதால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்தின் வடக்குக் கரையோரம் ஒரு நல்ல உதாரணம். அங்கே 1997 இலிருந்து 2001 வரை படிப்படியாகக் கைத்தொலைபேசி வந்தபோது, மத்தி மீன் பிடிப்பவர்களை ரொபேர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து, 2007 இல் முடிவுகளை வெளியிட்டார். போன் வருவதற்கு முன்னர் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவார்கள். அதே நேரத்தில் பதினைந்து கிலோமீற்றருக்குள் இருக்கும் வேறு கரைகளில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் திரும்பிப் போவார்கள். போன் வந்த பின்னர் கடலில் வைத்தே விலை கேட்டு, நல்ல விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள். வீணாகக் கொட்டுவது ஏறக்குறைய நின்றுபோனது. மீனவரின் இலாபம் 8 வீதம் கூடியது. வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கும் விலை 4 வீதம் குறைந்தது.

ஆனால் அங்கே போன் படகில் இருந்த ஆண்களின் கையில் இருந்தது. பெண்ணின் கையில் கொடுத்துப் பார்த்த இடம் வங்காளதேசம். 1997 இல் கிராமின் வங்கியின் கடனில் கிராமத்துப் பெண்கள் போன் வாங்கி, அயலவருக்கு நிமிடக் கணக்கில் பேசக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். போன் அவள் பெயரில் இருந்ததால் ஊர்ப் பெரிய மனிதர்களும் அவள் முற்றத்துக்கு வந்து காத்திருந்தார்கள். பின்னர் எல்லோரிடமும் போன் வந்ததும் அந்த வருமானம் குறைந்துபோனது உண்மைதான். என்றாலும், பெயரும் கருவியும் பெண்ணிடம் இருந்தால் அவளுக்கு ஊரில் உள்ள இடமே மாறும் என்பதை அது காட்டியது.

விலை தெரிந்தால் மட்டும் போதுமா?

மேலே சொன்ன தாயும் அயலில் உள்ள ஆறு பேரும் இப்போது விற்பதற்கு முன் இரண்டு இடங்களுக்கு அழைத்து விலை கேட்கிறார்கள். பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால், "மன்னாரில இவ்வளவு போகுதாமே" என்று கேட்டபோது, வந்தவர் விலையைக் கொஞ்சம் ஏற்றினார். அந்த ஏழு பேரில் இருவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் அதே வியாபாரியிடம் முற்பணம் வாங்கியிருந்தார்கள். முற்பணம் வாங்கிய வீட்டுக்கு விலை தெரிந்தும் பயனில்லை. ஆகவே போனோடு சேர்த்துச் சங்கத்தின் சிறு சேமிப்பும் வளர வேண்டும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். போனிலேயே சில நிமிடத்தில் கடன் தருகிறோம் என்று வரும் செயலிகள் சில, எங்கள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் எடுத்துக்கொள்கின்றன. தவணை பிந்தினால் உறவினருக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்துவார்கள். படத்தை வெட்டி ஒட்டி அனுப்புவோம் என்று மிரட்டுவார்கள். தனியே குடும்பம் நடத்தும் பெண்களையே இது அதிகம் வதைக்கிறது. வெட்கத்தால் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். குற்றம் செய்தது நீங்களல்ல. பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பொலிசில் முறைப்பாடும் செய்யலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. சிம்மை உங்கள் சொந்த அடையாள அட்டையில் பதியுங்கள். வேறொருவர் பெயரில் இருந்தால் அந்த நிறுவனத்தின் கிளைக்குப் போய் மாற்றும் வழியைக் கேளுங்கள்.

2. அஸ்வெசும போன்ற கொடுப்பனவுகள் இன்று வங்கிக் கணக்குக்கே வருகின்றன. வங்கியிலிருந்து போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

3. விற்பதற்கு முன் குறைந்தது இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். கேட்ட விலையைச் சங்கத்தில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

4. பிள்ளைகளிடம் கேட்டுப் பழகுங்கள். பத்து வயதுப் பேத்தியிடம் கற்பதில் குறைவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில், தன் பெயரில் சிம் உள்ளவர்கள் கையை உயர்த்தட்டும். எத்தனை கைகள் என்று எண்ணி, கூட்ட அறிக்கையில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். நாங்கள் முன்னேறியிருக்கிறோமா என்பதைக் கோபுரங்களை எண்ணி அறிய முடியாது, சகோதரிகளே. அந்தக் கைகளை எண்ணித்தான் அறியலாம்.